கர்ப்பிணியைக் காத்த கனவான்கள்

பெரியோர்களே, தாய்மார்களே!

தாய்மார்கள் மட்டும் தயவுசெய்து கொஞ்சம் பின்வரிசைக்குப் போய்விடுங்கள். இன்றைய மேடை பெரியோர்களுக்கானது. டெபாசிட் இழந்த வேட்பாளருக்கும், கட்டி முடிக்காத பாலத்தைத் திறந்துவைத்தவருக்கும் பாராட்டு விழா எடுக்கிற ஊர் நம்முடையது. ஆனால் வாயும் வயிறுமாக இருக்கும் பெண்ணுக்கு எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்ற விஷயத்தில் எழுபது எண்பது ஆண்டுகளாக அரும்பணி ஆற்றிவரும் உலகப் பெருமக்களுக்கு இன்றுவரை ஒரு துண்டுகூட நாம் போர்த்தவில்லை. இது நன்றி மறந்த செயல். ஆகவே இந்த விழா. கைதட்ட மறக்காதீர்கள்.

முதல் பொன்னாடை மேற்கு ஜெர்மனியின் ஸ்டோல்பெர்க் நகரத்து குரூனென்தால் நிறுவனத்துக்கு. 1957 அக்டோபரில் கான்டர்கான் என்ற பெயரில் தாலிடோமைடு மாத்திரையை அது கடைக்கு அனுப்பியது. தூக்கம் வரும், மசக்கை அடங்கும், மருந்துச் சீட்டுகூட வேண்டாம். 1958 ஆகஸ்டில் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதைவிட உகந்த மருந்து இல்லை என்றது. பிரிட்டனில் இதை விற்றது டிஸ்டில்லர்ஸ் கம்பெனி. ஜானி வாக்கர் விஸ்கியை விற்ற அதே கம்பெனிதான். தாய்க்கும் சேய்க்கும் முழுப் பாதுகாப்பு என்று அதுவும் சத்தியம் செய்தது. கருவுற்ற ஒரு விலங்குக்காவது கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். அப்படிப்பட்ட கேள்வியெல்லாம் விசுவாசம் இல்லாதவர்களுக்குத்தான் வரும்.

விற்பனை தொடங்குவதற்கு முன்பே, 1956 டிசம்பர் 25 அன்று, குரூனென்தால் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்குக் காதுகளே இல்லாமல் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. கம்பெனியில் கிடைத்த மாதிரி மாத்திரையை அவர் மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகுதான் இந்த மாத்திரை 46 நாடுகளுக்குப் போயிற்று. சுமார் 10,000 குழந்தைகள், கை இல்லாமல், கால் இல்லாமல், தோளிலிருந்தே விரல் முளைத்துப் பிறந்தார்கள். அவர்களில் பலர் பிறந்த கொஞ்ச நாளிலேயே செத்துப்போனார்கள். கரு தங்கிய 20-ஆம் நாளிலிருந்து 36-ஆம் நாள் வரைதான் ஆபத்துக் காலம். பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே அப்போது தெரிந்திருக்காது.

1961 நவம்பரில் ஹாம்பர்க் நகரக் குழந்தை மருத்துவர் விடுகின்ட் லென்ஸ் பகிரங்கமாகச் சொன்ன பிறகுதான் மாத்திரை ஜெர்மனியில் கடையை விட்டு இறங்கியது. வழக்கு 1968-இல் தொடங்கி 1970 டிசம்பரில் முடிந்தது. தீர்ப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. 10 கோடி மார்க் கொடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மன்னிப்பு எப்போது வந்தது தெரியுமா? 2012 ஆகஸ்ட் 31 அன்று. கைகால் வளராத குழந்தை ஒன்றின் வெண்கலச் சிலையைத் திறந்துவைத்து நிறுவனத்தின் தலைவர் பேசினார். இத்தனை காலம் நாங்கள் மௌனமாக இருந்ததற்கு, உங்கள் கதியைப் பார்த்து எங்களுக்கு ஏற்பட்ட அதிர்ச்சியே காரணம் என்று பாதிக்கப்பட்டவர்களிடம் விளக்கினார். பாவம், ஐம்பது ஆண்டு அதிர்ச்சி! அந்த ஐம்பது ஆண்டும் மருந்து விற்க முடிந்தது, கணக்கு எழுத முடிந்தது, வக்கீல் வைக்க முடிந்தது. வாய் மட்டும் வரவில்லை. இவர்களுக்குப் பொன்னாடையோடு ஒரு நினைவுக் கேடயமும் சேர்த்தே கொடுங்கள்.

இரண்டாவது பொன்னாடை அமெரிக்காவுக்கு. டி.இ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை, கருச்சிதைவைத் தடுக்கும் என்று சொல்லி அங்கே 1940-களிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1953-இல் சிகாகோவில் முறையாகச் சோதித்தபோது ஒரு பயனும் இல்லை என்று தெரிந்துபோயிற்று. பயனில்லை என்று தெரிந்தால் நிறுத்திவிடுவது சாமானியர் பழக்கம். கனவான்கள் விளம்பரம் போட்டார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுங்கள், பிள்ளை பெரிதாகவும் வலுவாகவும் பிறக்கும் என்றார்கள். கோழியைக் கொழுக்கவைக்கவும் இதே மருந்தைத்தான் பயன்படுத்தினார்கள். கறியில் மருந்து தங்குகிறது என்று 1959-இல் கோழிக்கு இதை நிறுத்தினார்கள். கர்ப்பிணிக்கு 1971 வரை நிறுத்தவில்லை. மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் மகள்களுக்கு, பதினாறு பதினெட்டு வயதில், பிறப்புறுப்பில் அபூர்வமான புற்றுநோய் வருவதை பாஸ்டன் மருத்துவர்கள் கண்டுபிடித்த பிறகே எச்சரிக்கை வந்தது. அந்தப் பெண்கள் கோழியாகப் பிறந்திருந்தால் பன்னிரண்டு ஆண்டு முன்பே அரசாங்கம் அவர்களைக் கவனித்திருக்கும்.

அடுத்து பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு மேடைக்கு வரட்டும். இவர்கள் செய்தது நுட்பமான வேலை. வலிப்பு நோய்க்கான மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடும் என்று 1973-இலேயே இவர்கள் பேசியிருக்கிறார்கள். மருத்துவர்களுக்குச் சொல்லலாம், ஆனால் மாத்திரைப் பெட்டிக்குள் வைக்கும் தாளில் போட வேண்டாம், நோயாளிகள் கண்ணில் பட்டால் வீண் கவலைப்படுவார்கள் என்று முடிவெடுத்தார்கள். எவ்வளவு கரிசனம் பாருங்கள். கவலை வரக் கூடாதாம். குறையோடு பிள்ளை வந்தால் பரவாயில்லையாம்.

அந்த மருந்துகளில் ஒன்று வால்ப்ரோயேட். வலிப்புக்குச் சக்தி வாய்ந்த மருந்து, உயிர் காக்கும் மருந்து, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேருக்கு உடற்குறை வருகிறது. 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, படிப்பு, மன வளர்ச்சி என்று ஏதாவது ஒன்றில் பின்னடைவு வருகிறது. பிரான்சில் இது 1967 முதல் விற்பனையில் இருக்கிறது. இன்று அதன் உரிமையாளரான சனோஃபி, எச்சரிக்கும் கடமையில் தவறியது என்று 2022-இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று சொன்னது. நிறுவனம் மேல்முறையீடு என்றது. இந்த விவகாரத்தை அங்கே வெளியே இழுத்துப் போட்டது எந்தப் பாதுகாப்புக் குழுவும் இல்லை. வால்ப்ரோயேட் சாப்பிட்டு இரண்டு பிள்ளை பெற்ற மரீன் மார்த்தான் என்ற தாய், தானே தேடிப் படித்து, தன்னைப் போன்ற குடும்பங்களைத் திரட்டி இழுத்துப் போட்டார். பிரிட்டனில் பரோனஸ் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான ஆய்வுக் குழு 2020 ஜூலையில் அறிக்கை தந்தது. பெண்கள் சொன்னதை யாருமே காதில் வாங்கவில்லை என்பதுதான் அதன் சாரம்.

சீமையில் நடந்த கதை, நமக்கென்ன என்று சிரிக்க வேண்டாம். வால்ப்ரோயேட் நம்மூரிலும் வலிப்புக்கு, மனநிலைக் கோளாறுக்கு, ஒற்றைத் தலைவலிக்கு என்று எழுதப்படுகிற மருந்துதான். நம் மெடிக்கல் ஷாப்பில் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரையைக் காகித உறையில் போட்டு, காலை 1, இரவு 1 என்று கிறுக்கித் தருகிறார்கள். மருந்தின் பெயர் கத்தரியின் அந்தப் பக்கம் போய்விடுகிறது. எச்சரிக்கைத் தாள் மொத்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்து, பெட்டியோடு குப்பைக்குப் போகிறது. தப்பித் தவறி அது கைக்கு வந்தாலும், பதிவு பெற்ற மருத்துவரின் உபயோகத்துக்கு மட்டும் என்று தலையில் எழுதியிருக்கும், அதுவும் ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில். விழுங்குகிறவள் படிக்கக் கூடாது என்ற விஷயத்தில் லண்டன் குழுவுக்கும் நமக்கும் முழு ஒற்றுமை.

நான்காவது பொன்னாடை நம் சொந்தப் பெருமை. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அதிக அளவில் கலந்த ஈ.பி. மாத்திரைகளை வைத்து ஒரு காலத்தில் கர்ப்பப் பரிசோதனை செய்தார்கள். மாத்திரை சாப்பிட்டுத் தீட்டு வந்தால் கர்ப்பம் இல்லை. வராவிட்டால் கர்ப்பம் உண்டு, அந்தக் கர்ப்பத்துக்குள் ஹார்மோனும் உண்டு! பிரிட்டனில் இதே வேலையைச் செய்த ப்ரைமோடாஸ் பற்றி இஸபெல் கால் என்ற மருத்துவர் 1967-லேயே எச்சரித்தார். 1978-இல் அங்கே கடையைக் கட்டினார்கள். சிறுநீர்ச் சோதனை வந்து வெகு நாளான பிறகும் நம் நாட்டில் இந்த மாத்திரை ஓடியது. 1982-இல் மத்திய அரசு தடை போட்டது. கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போய்த் தடைக்கே தடை வாங்கின. பெண்கள் அமைப்புகளும் மக்கள் நல மருத்துவர்களும் தெருவில் இறங்கிக் கத்தினார்கள். 1987-இல் பொது விசாரணை நடந்தது. 1988-இல்தான் தடை நிலைத்தது. கேடு என்று அரசே அறிவித்த மாத்திரைக்கு ஆறு ஆண்டு வாய்தா! வாய்தா வாங்கத் தெரியாதது வயிற்றில் இருந்த கரு மட்டும்தான்.

இவ்வளவு நடந்த பிறகு கனவான்களுக்குப் புத்தி வராமல் இருக்குமா? வந்தது. சோதிக்காமல் கர்ப்பிணிக்கு மருந்து கொடுத்தது தவறு என்று உணர்ந்தார்கள். இதற்கு இரண்டு வழி உண்டு. சோதித்துவிட்டுக் கொடுக்கலாம். அல்லது, சோதிக்கவே மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம், யாராவது சாப்பிட்டால் அது அவள் பாடு என்று கையைக் கழுவலாம். எது செலவு குறைவு என்று உங்களுக்கே தெரியும்.

1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், பிள்ளை பெறும் வயதிலுள்ள எந்தப் பெண்ணையும் மருந்தின் தொடக்கச் சோதனைகளில் சேர்க்காதீர்கள் என்று வழிகாட்டியது. அதைக் கைவிட 1993 ஆயிற்று. கர்ப்பிணிகள் மட்டும் இன்றும் பெரும்பாலும் வாசலிலேயே நிற்கிறார்கள். 1979-இல் மருந்துகளுக்கு ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று எழுத்து கொடுத்தார்கள். பெரும்பாலான மருந்துகள் சி வகுப்பில் போய் உட்கார்ந்தன. விலங்குகளில் தீங்கு கண்டிருந்தாலும் சி. விலங்கிலும் மனிதரிலும் ஒன்றையுமே சோதிக்காமல் இருந்தாலும் அதே சி. படித்தவனுக்கும் பள்ளிக்கூடமே போகாதவனுக்கும் ஒரே மதிப்பெண் போடும் இந்த அற்புத முறையை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க மருத்துவர்கள் 2015 வரை சீட்டு எழுதினார்கள்.

இந்தத் தத்துவத்தின் உச்சத்தை 2021-இல் நாம் கண்ணால் பார்த்தோம். ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் ஒதுங்கி நிற்கச் சொல்லப்பட்டார்கள். காரணம், அவர்கள் சோதனையில் சேர்க்கப்படவில்லை. ஏன் சேர்க்கவில்லை? அவர்கள் கர்ப்பிணிகள் ஆயிற்றே! ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை அடித்தது. ஆக்சிஜன் படுக்கைக்கு ஆள் அலைந்த நாள்கள் அவை. கர்ப்பிணிக்குக் கொரோனா வந்தால் நோய் முற்றும் ஆபத்து அதிகம் என்பது அப்போதே தெரிந்த செய்தி. பாலூட்டுவோருக்கு அனுமதி மே 19 அன்று வந்தது. கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2 அன்று வந்தது. அலை ஓய்ந்த பிறகு குடை கொடுத்தார்கள். வேலைக்குப் போகாதே, கூட்டத்தில் ஏறாதே என்று வைரஸிடமிருந்து அவளைக் காக்க யாரும் இத்தனை கறாராக நிற்கவில்லை. ஊசியிடமிருந்துதான் காத்தார்கள்.

பிள்ளை பிறந்த பிறகாவது விட்டார்களா? பாலூட்டும் பெண் காய்ச்சல் என்று போனால், மாத்திரை சாப்பிடும்வரை பாலை நிறுத்திடும்மா என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான மருந்துகள் மிகச் சிறிய அளவில்தான் பாலுக்குள் போகின்றன. தாயின் எடைக்கும் குழந்தையின் எடைக்கும் ஏற்பக் கணக்கிட்டுப் பார்த்து, தாய் உட்கொள்ளும் அளவில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகவே குழந்தைக்குப் போனால் பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை என்பது நடைமுறை அளவுகோல். பாரசிட்டமாலும் வழக்கமான பல ஆன்டிபயாட்டிக்குகளும் அந்த எல்லைக்குள் அடங்குபவை. கோடீன் போன்ற சில மருந்துகள் உண்மையிலேயே ஆபத்தானவை. எது எந்த வகை என்று எடுத்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் இல்லாமல், அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிறது, பிள்ளை டின் பாலுக்குப் பழகுகிறது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பவுடரை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-இல் சட்டம் போட்டோம். விளம்பரம் எதற்கு? ஒரு வாய் வார்த்தை போதுமே.

கடைசிப் பொன்னாடை வெள்ளை மாளிகைக்கு. 2025 செப்டம்பர் 22 அன்று அதிபர் டொனால்ட் டிரம்ப் மேடையேறி, கர்ப்பிணிகள் டைலினால், அதாவது நம் பாரசிட்டமால், சாப்பிடக் கூடாது, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஆட்டிசம் வந்துவிடுமாம். ஸ்வீடனில் ஏறக்குறைய 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்து, அப்படித் தொடர்பு தெரியவில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு அவர் கண்ணில் படவில்லை. கடுங்காய்ச்சலே கருவுக்குக் கேடு செய்யக்கூடும் என்பதும் அவருக்கு உறைக்கவில்லை. பிரசவ வேதனையின் பக்கமே போகாத ஓர் ஆண், காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளைத்தாச்சியைப் பார்த்துப் பொறுத்துக்கொள் என்கிறார். தாலிடோமைடு விற்றவன் சோதிக்காமல் சாப்பிடு என்றான். இவர் சோதித்துச் சொன்னதைப் படிக்காமல் சாப்பிடாதே என்கிறார். இருவருக்குமே அவள் உடம்பு ஒரு பொருட்டில்லை.

மாலைகள் தீர்ந்துவிட்டன. இனி வேடிக்கை போதும்.

இந்த மேடையில் இடம் இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1960-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிரான்சிஸ் கெல்சி என்ற மருத்துவரின் மேசைக்குத் தாலிடோமைடு விண்ணப்பம் வந்தது. ஆதாரம் போதாது என்று திருப்பினார். கம்பெனி மறுபடி மறுபடி வந்து நெருக்கியது. அவர் மறுபடி மறுபடி திருப்பினார். இந்த மாத்திரையால் நரம்பு பாதிக்கப்படுகிறது என்று பிரிட்டன் மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு, அப்படியானால் கருவை இது என்ன செய்யும் என்று கேட்டார். பதில் இல்லை, அதனால் அனுமதியும் இல்லை. தெரியவில்லை என்றால் தெரிந்துகொண்டு வா என்று சொன்ன ஓர் அதிகாரி இருந்ததால் ஒரு நாடு தப்பியது.

தெரிந்துகொள்ளவும் முடியும். ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா அதைச் செய்து காட்டியது. அங்கே பெரிய மருத்துவமனைகளில் நடக்கும் பிரசவங்களில், தாய் எந்த மருந்து சாப்பிட்டாள், பிள்ளை எப்படிப் பிறந்தது என்று 2014 முதல் குறித்துவந்தார்கள். 2018-இல், டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சாப்பிடும்போதே கருத்தரித்த 426 பேரில் 4 பேரின் குழந்தைகளுக்கு மூளை, தண்டுவடக் குறை இருந்தது தெரிந்தது. உலகம் பதறியது, பல இடங்களில் பெண்களுக்கு அந்த நல்ல மருந்து மறுக்கப்பட்டது. போட்ஸ்வானா மேலும் குறித்தது. அடுத்த ஆண்டே 1,683 பேரில் 5 என்று விகிதம் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சென்னை மாநகரத்தைவிடவும் ஜனத்தொகை குறைந்த ஒரு நாடு, குறித்து வைத்ததால் உலகத்துக்கே பதில் சொன்னது.

இந்தியாவில் ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேல் குழந்தைகள் பிறக்கின்றன. தமிழ்நாட்டில் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழே கிடையாது. ஒவ்வொரு கர்ப்பத்தையும் எண் போட்டுப் பதிவு செய்யத் தெரிந்த அரசே, அந்த எண்ணோடு அவள் எந்த வாரத்தில் எந்த மாத்திரை சாப்பிட்டாள், பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துக் குறி. பெயரை மறைத்துவிட்டுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடு. எச்சரிக்கைத் தாளைத் தமிழில் அச்சிட்டு, கத்தரித்த அட்டையோடும் கொடுக்க வை. கருவுக்குக் கேடு என்று உறுதியான மருந்தை, எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்காமல் எழுதக் கூடாது என்று சட்டம் போடு.

தாய்மார்களே, முன்வரிசைக்கு வாருங்கள். வலிப்புக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மனநலத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பிள்ளை பெற நினைக்கும்போதே, கருத்தரிப்பதற்கு முன்பே, மருத்துவரிடம் போய் மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். மாத்திரையின் பெயரைச் சீட்டில் தெளிவாக எழுதி வாங்குங்கள். பாலை நிறுத்து என்று யாராவது சொன்னால், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். மருந்தால் கேடு வந்தது என்று சந்தேகம் இருந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே புகார் செய்யலாம்.

மாமியார்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை குறையோடு பிறந்ததும், நீ என்னத்தைத் தின்னு தொலைச்சே என்று அவளைக் கேட்கிறீர்களே, அந்த நாக்கு முதலில் சோதிக்காமல் செய்தவனைக் கேட்கட்டும், விற்க விட்டவனைக் கேட்கட்டும், சொல்லாமல் எழுதிக் கொடுத்தவனைக் கேட்கட்டும். அவள் தின்றது அவர்கள் கொடுத்ததைத்தான்.